தொப்பி பங்களாவுக்கு ஒரு கோணல் அறை

அத்தியாயம் 17

பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் ஃபராவைப் பார்த்தால் உட்காரச் சொல்லி ஜூஸ் கொடுப்பார்கள். அதில் ஒரு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு ஷட்டர் போடலாமா என்று யோசிப்பவர்கள் ஃபராவைப் பார்த்தால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இன்ஜினீயர் அவள். அப்பேர்ப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை காலை தன் தாய்வீட்டு வாசலிலேயே கையில் சிவப்புப் பேனாவோடு வந்து இறங்கினாள்.

நல்ல வேளை, நான் அந்த வீட்டு மருமகள் இல்லை.

போன வாரம் ஃபராவின் தாய் ஷம்சாத் அம்மாவை எங்கே விட்டோம்? சாப்பாட்டு ஹாலில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால். மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை மாற்றி, 'இனி படியே ஏறக்கூடாது' என்று டாக்டர் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அங்கேதான். படுக்கையறைகள் எல்லாம் மாடியில். குளியலறையும் மாடியில். கீழே அந்த அம்மாவுக்கு ஒரு கட்டில், பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, சுற்றிலும் ஒரு துணி. திரைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சாப்பிடுவார்கள். மானமுள்ள ஒரு பெண்ணுக்கு இது என்ன வாழ்க்கை என்று நீங்களே சொல்லுங்கள்.

மகன் பர்வேஸ் தெளிவாகச் சொல்லிவிட்டான். "பக்கத்துல ஒரு ரூம் கட்டுவோம். இல்லேன்னா மேடவாக்கத்துல என் ஃபிளாட் ரெடியா இருக்கு, லிஃப்ட் இருக்கு. வெள்ளிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு நாங்க கெளம்பறோம்."

அவன் அத்தா பக்கீர் முகமதுவும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்த வீட்டுல ஒரு செங்கல்லு கூட ஏறாது. நானும் இந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன்."

ஆக, வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா மேடவாக்கத்தில், அத்தா தாம்பரத்தில். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கு இப்போது தனித்தனி வீடு. கடைசியில் பர்வேஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான். "அக்கா வந்து பிளான் பாக்கட்டும். அக்கா வேணாம்னா வேணாம்."

பக்கீர் முகமது உடனே ஒப்புக்கொண்டார். மகள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவரைச் சும்மா பிடிவாதக்காரக் கிழவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள். ரயில் பாதையைப் பார்த்தபடி, மேற்குத் தாம்பரத்தில், விக்டோரியா ராணி காலத்து ரயில்வே இன்ஜினீயர் துரை ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. வாசல் கல்லில் 'ஹார்கோர்ட் லாட்ஜ்' என்று இருக்கும். ஆனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார். மூன்று கூரை முகடும் மூன்று தொப்பி கவிழ்த்தது போல இருப்பதால் ஊருக்கு அது தொப்பி பங்களா. முகட்டு ஓரமெல்லாம் மரத்தில் லேஸ் வைத்தது போல வெட்டு வேலை. தாழ்வாரத் தூண்களின் தலையில் இரும்பில் வார்த்த திராட்சைக் கொடி. முட்டை வெள்ளை போட்டு இழைத்த சுவர், இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும். மேற்குப் பக்கம் அரைவட்டமாக வெளியே பிதுங்கி நிற்கும் அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, சாயங்கால வெயில் அதில் விழுந்தால் ஹால் தரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கும். ஞாயிறு தவறாமல் பக்கீர் முகமதுவே பழைய பனியன் துணியால் அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பார். வேலைக்காரியைத் தொட விடமாட்டார்.

"இந்தத் தெருவுல எத்தன பங்களா இருந்துச்சு?" என்று கேட்பார். "ஒண்ணு கல்யாண மண்டபமாச்சு. ஒண்ணு சைக்கிள் ஸ்டாண்டாச்சு. எல்லாம் 'ஒரே ஒரு ரூம்'னு ஆரம்பிச்சதுதான்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா இல்லையா?

நிகத் வாசலுக்கு வந்தாள். பர்வேஸின் மனைவி. கிண்டியில் ஒரு கட்டட கம்பெனியில் இன்ஜினீயர். பிளானைப் போட்டவளே அவள்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மதினி. வாங்க. டீ போடட்டுமா?"

"வ அலைக்கும் ஸலாம். மொதல்ல பிளானக் காட்டு. டீயக் குடிச்சிட்டுத் திட்டினா நல்லாருக்காது."

நிகத் சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில், "ஓ, இந்தத் தீப்பெட்டி தீப்பெட்டியா ஃபிளாட் கட்டறவங்க ஆபீஸா?" என்று ஃபரா கேட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. ஃபரா கேட்டதையே மறந்துவிட்டாள். நாத்தனார்களுக்கு அது ஒரு வசதி.

ஹால் மேஜையில் பிளானை விரித்தார்கள். ஃபரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். எங்கெங்கே தப்பு இருக்கும் என்று சிட்லபாக்கத்திலிருந்து வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். நிகத் பழைய சுவரை இடித்திருப்பாள். வண்ணக் கண்ணாடி ஜன்னலை மறைத்திருப்பாள். பழசு மாதிரியே இருக்கட்டும் என்று சிமென்ட்டில் வளைவும் பொய்த் திராட்சைக் கொடியும் வைத்திருப்பாள். ஃபராவுக்கு உலகத்திலேயே பிடிக்காதது அந்த டூப்ளிகேட் பழசு.

"சுவர எங்க ஒடைக்கற?"

"ஒடைக்கல மதினி. சமையக்காரங்க வந்து போக ஒரு பக்கவாசல் இருக்கே, பூட்டியே கெடக்கு, அதத் திறக்கறோம். அங்கேர்ந்து கண்ணாடியில சின்ன நடை. நடை தாண்டி ரூம்."

"நடை பழைய சுவர்ல உக்காருதா?"

"இல்ல. தனியா நாலு இரும்புக் கால்ல நிக்குது. பழைய சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல விரல் நுழையற இடைவெளி. ரப்பர் வச்சு அடைக்கறோம், அவ்ளோதான்."

"கூரை?"

"மாடி ஜன்னல் அடிக்கட்டைக்குக் கீழயே நின்னுடும். ரோட்லேர்ந்து பாத்தா ரூம் இருக்கறதே தெரியாது."

"வளைவு கிளைவு?"

"எதுக்கு மதினி? சாதாரணச் சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை. பழசு பழசா இருக்கட்டும், புதுசு புதுசா இருக்கட்டும்."

கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் ஃபரா வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் அது. அதைத் தம்பி மனைவியே தன்னிடம் திருப்பிச் சொன்னதும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்குக் காரணம் எரிச்சலுக்கு இடமில்லாமல் போனதுதான்.

பேனா காகிதத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று ஓர் இடத்தில் இறங்கியது.

"ஆங்! இது என்னது?"

புது அறை வீட்டுச் சுவரோடு ஒட்டி நேராகப் போகவில்லை. ஒரு பக்கமாக விலகி, திரும்பி, கோணலாக நின்றது.

"ஏன் கோணல்?" ஃபராவின் குரலில் ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. "அளவுகோல் மாதிரி நேரா நிக்கற வீடு இது. இதோட போய் ஒரு ரூம இப்படி ஒடிச்சு வச்சா எப்படி நிகத்?"

"வெளிய வாங்க மதினி. தரையிலயே காட்டறேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

மேற்குப் பக்கத் தோட்டத்தில் கான்ட்ராக்டர் துளசிங்கம் கயிறும் முளைக்குச்சியுமாக நின்றிருந்தார். சுண்ணாம்புத் தூளால் தரையில் அறையையே வரைந்து வைத்திருந்தார். சுவர், வாசல், குளியலறை, கட்டில் உட்பட எல்லாமே நிஜ அளவில்.

துளசிங்கத்துக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி. "நீங்களே நாயம் சொல்லுங்க மேடம். வூடு ஒரு பக்கம் பாத்துகினு கீது, ரூமு ஒரு பக்கம் பாத்துகினு கீது. சண்ட போட்டுகினு மூஞ்சத் திருப்பிக்கினா மாதிரி. சரி, இந்தம்மா ஏதோ மறந்தாப்ல போட்டுட்ச்சினு நானே மூலைமட்டம் வச்சி நேராக்கி வுட்டேன். வந்து பாத்துட்டு எல்லாத்தயும் தொடப்பத்தால பெருக்கிட்ச்சி! மறுபடியும் கோணலாவே போடுன்னுச்சி. ஒரே பேஜாரா பூட்ச்சி மேடம்."

"அவர் சொல்றது சரிதானே நிகத்?"

"நீங்க இன்ஜினீயரா பாத்து சொல்லுங்க மதினி. கோணலா இருக்கறதால வீட்டுக்கு என்ன கெடுதல்?"

ஃபரா பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கெடுதல் தேடித்தான் பார்த்தாள், ஆனால் கிடைத்தது வேறு. நேராகப் போட்டிருந்தால் அறையின் மூலை வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் வந்து வெயிலை அடைத்திருக்கும். கோணலாகத் திரும்பியதால் ஜன்னலுக்கும் அறைக்கும் நடுவில் விசிறி மாதிரி விரிந்து ஒரு முற்றம் கிடைத்திருந்தது. அந்த முற்றத்தில் நாவல் மரம் அப்படியே நின்றது, ஒரு கிளைகூட வெட்டாமல். சாயங்கால வெயிலுக்கு வழி திறந்தே இருந்தது.

'அடிப்பாவி' என்று ஃபரா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். திட்டத்தான் சொன்னாள், ஆனால் அது பாராட்டாகத்தான் வந்தது.

இருந்தாலும் விடுவாளா? "ஜன்னலுக்காகன்னா இவ்வளவு திருப்ப வேணாமே. இதுல பாதி திருப்பினாலே போதுமே."

"ஆமா, பாதி போதும்," என்றாள் நிகத். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். உள்ளேயிருந்து ஷம்சாத் அம்மாவின் குரல் கேட்டது. "யாராச்சும் வாங்கம்மா!"

நிகத் கிளம்பினாள். "நீ இரு, நான் போறேன்," என்று ஃபரா உள்ளே போனாள்.

திரையை விலக்கினாள். அம்மா வேறொரு மர நாற்காலியில் தலையில் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்தாள். தரையில் உட்கார முடியாது என்பதால் நாற்காலியில்தான் தொழுகை.

"நீயா? கொஞ்சம் இந்த நாற்காலியத் திருப்பி விடும்மா."

துரை வீட்டை ரயில் பாதைக்கு நேராகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். தொழும்போது பார்க்க வேண்டிய மக்கா திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று அவர் ஏன் கவலைப்படப் போகிறார்? அந்த வீட்டில் எந்த அறையில் தொழ நின்றாலும் பாயைக் குறுக்காகத்தான் போட வேண்டும். ஃபரா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தொழுதிருக்கிறாள். நடக்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாற்காலியைக் குறுக்காகத் திருப்புவதற்குள் ஃபராவுக்கு மூச்சு வாங்கியது. முதலில் கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது. அப்புறம் ஓட்டை நாற்காலியை வெளியே தள்ள வேண்டியிருந்தது.

"தெனமும் இப்படியாம்மா?"

"அஞ்சு வேளையும் யாரையாச்சும் கூப்பிட வேண்டியிருக்கு. வெக்கமாத்தான் இருக்கு, என்ன பண்ண? விடியக்கால ஃபஜருக்கு மட்டும் கூப்பிடறதில்ல. பாவம், எல்லாரும் தூங்கற நேரம்."

"அப்போ?"

"நிகத் வந்துடுவா. அலாரம் வச்சு எந்திரிச்சு வந்து திருப்பி விட்டுட்டுப் போவா. வேணாம்மான்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா."

அம்மா தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தாள். ஃபரா ஓரமாக நின்றாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்த திசையை அவளும் பார்த்தாள். அந்தத் திசையில் சுவர் இருந்தது, சுவர் தாண்டித் தோட்டம் இருந்தது, தோட்டத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோடு இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விறுவிறுவென்று வெளியே வந்தாள். நிகத் நாவல் மரத்தடியில் நின்றிருந்தாள்.

"கிப்லாவா?"

நிகத் தலையை ஆட்டினாள். "கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி. உக்காந்தாலே நேர் கிப்லா. யாரும் வந்து திருப்ப வேணாம், யாரையும் கூப்பிட வேணாம். டாய்லெட் கிப்லாவப் பாத்து இருக்கக்கூடாதுல்ல, பாத்ரூம மட்டும் வேற பக்கமாத் திருப்பியிருக்கேன்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? அரை மணி நேரமா நான் முட்டாளாட்டம் சண்ட போட்டுக்கிட்டிருக்கேன்!"

"சொன்னா மாமாவால மறுக்க முடியாது மதினி. தொழுகைன்னு சொல்லிட்டா அவரு வாயத் திறக்க மாட்டாரு. அப்படி அவர மடக்க எனக்கு இஷ்டமில்ல. இந்த வீடு அவருக்கு உசுரு. ரூம் வீட்டுக்குப் பொருந்துதா இல்லையான்னுதான் தீர்ப்பு வரணும். பொருந்தலன்னா நீங்க அழிச்சிடுங்க. நான் மாமிக்கு மேடவாக்கத்துல ஒரு வழி பண்ணிக்கறேன்."

எத்தனை கட்டடத்துக்கு எத்தனை பேர் ஃபராவிடம் பிளானோடு வந்திருக்கிறார்கள்! கெஞ்சியிருக்கிறார்கள், சிபாரிசு பிடித்திருக்கிறார்கள், கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கையில் ஜெயிக்கிற சீட்டை வைத்துக்கொண்டு அதை மேஜையில் போடாமல் நின்றவள் இவள் ஒருத்திதான். பொறாமையாகக்கூட இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே பொறாமையாக இருந்தது.

"நிகத், நான் போட்டிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டேன்."

"தப்பா இருக்கா மதினி?"

"லூசு. இவ்வளவு நல்லாப் போட்டிருக்க மாட்டேன்னு சொல்றேன்."

சிவப்புப் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள். "இப்போ அந்த டீயக் குடு."

சாப்பாடு முடிந்ததும் ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பக்கீர் முகமது சாய்வு நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்தார். கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி ஒரு முகம்.

"சொல்லும்மா ஃபரா. உன் தம்பிக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கட்டலாம் அத்தா."

மேலே போட்டிருந்த கால் கீழே இறங்கியது. "என்னது?"

"கட்டலாம்னேன். நான் பாத்த பிளான்லயே இதான் நல்ல பிளான்."

"உங்கம்மா அழுதாளா? அதுக்காகச் சொல்றியா?"

"அம்மாவுக்காகன்னா மேடவாக்கத்துல லிஃப்ட் இருக்கு, போகட்டும்னு சொல்லியிருப்பேன். வீட்டப் பாத்துத்தான் சொல்றேன். நீங்களே வந்து பாருங்க. எங்க வலிக்குதுன்னு காட்டுங்க, அந்த எடத்துலயே பிளானக் கிழிச்சிடறேன்."

பக்கீர் முகமது எழுந்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்த வேகத்தைப் பார்த்துப் பர்வேஸ் பயந்தே போனான். துளசிங்கம் வாயில் போட்ட வெற்றிலையை அவசரமாகத் துப்பிவிட்டு ஒதுங்கினார்.

கிழவர் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பக்கவாசல் நிலையைத் தடவினார். "இந்த நிலையில ஆணி அடிப்பீங்களா?" என்றார். அடிக்க மாட்டார்கள். "வேர் போற எடத்துல தோண்டுவீங்களா?" தோண்ட மாட்டார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று, சூரியன் இறங்குகிற பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். கைக்கும் வானத்துக்கும் நடுவில் எந்தக் கோடும் குறுக்கே வரவில்லை.

"நாளைக்கு வேணாம்னு தோணிச்சுன்னா?"

"கழட்டி எடுத்துடலாம் அத்தா. வீட்டு மேல ஒரு கீறல் இருக்காது. துரையே வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"ம்." கைத்தடியால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "கோணலாப் போட்டிருக்கே?"

ஃபரா நிகத்தைப் பார்த்தாள். நிகத் தரையைப் பார்த்தாள்.

பக்கீர் முகமது கோடு தாண்டி 'அறைக்குள்' போனார். கட்டில் என்று வரைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். எழுபது வயது வரை தினம் ஐந்து வேளை அந்த வீட்டில் பாயைக் குறுக்கே போட்டுத் தொழுத மனிதர் அவர். இங்கே நின்றதும் அவர் உடம்பு தானாகத் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே நேராகத்தான் நின்றிருந்தார்.

கைத்தடியை மண்ணில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"மாஷா அல்லாஹ்," என்றார் மெதுவாக. பிறகு மருமகளைப் பார்த்து, "நீ போட்டதா?" என்றார்.

"ஆமா மாமா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்களாப் பாப்பீங்கன்னு இருந்தேன் மாமா."

நீங்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அது தோற்ற முகமே இல்லை. நல்ல வேலையைக் கண்டால் தலை வணங்குகிற ஆளுக்கு அதிலே தோல்வி ஏது?

"ஷம்சாத்தக் கூட்டிட்டு வாங்க," என்றார். "இருக்கப் போறவ அவதானே. அவ பாக்கட்டும்."

பர்வேஸ் ஒரு பக்கமும் ஃபரா ஒரு பக்கமும் வர, ஷம்சாத் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயிலில் வந்து எத்தனை நாளாயிற்றோ, கண் கூசியது. நிகத் ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது வாசல் மாமி. படி கெடையாது, சரிவுதான். இது ஜன்னல், படுத்துக்கிட்டே மரத்தப் பாக்கலாம். இப்போ கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு நடந்து பாருங்க."

ஷம்சாத் அம்மா கட்டில் கோட்டிலிருந்து கிளம்பி, சுவர் இருக்கப்போகிற இடத்தில் இல்லாத கைப்பிடியைப் பிடிப்பது போலக் கையை வைத்து, குளியலறைக் கோடு வரை தனியாகப் போனாள். திரும்பியும் வந்தாள். யாரும் தொடவில்லை. பர்வேஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சூப்பரா கீதும்மா," என்றார் துளசிங்கம், கோணலை மறந்துவிட்டு.

ஷம்சாத் அம்மா நடுவில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். மருமகள் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். "ரொம்ப நல்லாருக்கும்மா. ராணி ரூமாட்டம் இருக்கு." பிறகு கட்டிலைப் பார்த்தாள். "ஒரு கட்டில்தான் போட்டிருக்க."

"ஆமா மாமி. உங்களுக்கு."

"அப்போ அவரு எங்க படுப்பாரு?"

நிகத் பர்வேஸைப் பார்த்தாள்.

பர்வேஸ்தான் இழுத்தான். "அத்தாவுக்குத்தான் மேல ரூம் இருக்கேம்மா. அவரு ரூம், அவரு கட்டில். அங்கதானே தூங்கறாரு இத்தன மாசமா..."

"இங்க கீழ இருந்தது திரை கட்டின ஹாலுடா. புள்ளைங்க போக வர இருக்கற எடத்துல ரெண்டு பேரும் எப்படிப் படுக்கறது? அதான் அவரு மேல போனாரு." ஷம்சாத் அம்மாவின் குரல் தணிந்தது. "ரூம் கட்டினா கீழ வருவாருன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நிகத்தின் முகம் செத்துவிட்டது. ஜன்னலை யோசித்தாள், மரத்தின் வேரை யோசித்தாள், கிப்லாவை யோசித்தாள். இதை யோசிக்கவில்லை. சிவப்புப் பேனாக்காரி மட்டும் யோசித்தாளா என்ன? வெள்ளிக்கிழமை இவர்களைப் பிரிக்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டார்கள். கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்து ஒருவரைக் கீழேயும் ஒருவரை மேலேயும் வைத்து அழகாக ஒரு பிளான் போட்டிருந்தார்கள்.

பக்கீர் முகமது துளசிங்கத்திடம் கையை நீட்டினார். "அந்தத் தூளக் குடுய்யா."

"நான் போடறேன் பாய், வெள்ள வேட்டி..."

"குடுன்னேன்."

சுண்ணாம்பு டப்பாவை வாங்கிக்கொண்டு குனிந்தார். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டார். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. வீட்டில் ஒரு கோடு கூடச் சேரக்கூடாது என்றிருந்தவர் தன் கையாலேயே சேர்த்தார். நிமிர்ந்தபோது வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

ஷம்சாத் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இவ்ளோ சின்னதுல எப்படிங்க கால நீட்டுவீங்க?"

"நீட்டறேன், நீட்டறேன். மொதல்ல ரூம் கட்டட்டும்."

அதற்குள் ஃபராவும் நிகத்தும் டேப்பைப் பிடித்து ஆளுக்கொரு முனையில் நின்றுவிட்டார்கள். அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன?" என்றார் பக்கீர் முகமது.

ஃபராதான் சொன்னாள். "ரெண்டு கட்டில் போட்டா வாக்கர் போக வழி இல்ல அத்தா. சுவர அந்தப் பக்கம் தள்ளணும். இந்தப் பக்கம் தள்ளினா மரம் போயிடும்."

அந்தப் பக்கம் என்றால், பாகம் பிரித்த கல். கல்லுக்கு அப்பால் இருக்கிற நிலம் பக்கீர் முகமதுவின் தம்பி ஜமீருடையது. அந்தக் கதையைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: தம்பி தன் பாகத்தில் கடை கட்டப் பார்த்தபோது, அவர் நேரில் வந்து கெஞ்சியும் கேட்காமல், வீட்டின் அழகு கெடும் என்று அண்ணன் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஜமீர் அஸ்தினாபுரத்தில் இருக்கிறார், காரில் போனால் கொஞ்ச தூரம்தான். நோன்புப் பெருநாளுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

"விடுங்க மாமா," என்றாள் நிகத் அவசரமாக. "நான் வேற மாதிரி யோசிக்கறேன். டைம் குடுங்க."

"நீ யோசிச்சது போதும்மா. இது நான் யோசிக்க வேண்டியது." கிழவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "பர்வேஸ், காரை எடு."

"எங்க அத்தா?"

"ஜமீர் வீட்டுக்கு."

"இப்பவேவா? ஃபோன் பண்ணிட்டு..."

"ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டான். எடுடா காரை."

வேட்டியைக்கூட மாற்றவில்லை. சுண்ணாம்புக் கையோடு காரின் கதவைத் திறந்தவரைப் பார்த்து ஷம்சாத் அம்மா கோட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டாள்.

"என்னங்க! இத்தன வருஷம் கழிச்சுத் தம்பி வீட்டுக்குப் போறீங்க. வெறுங்கையோடயா போவாங்க? பழமாவது வாங்கிட்டுப் போங்க!"

பக்கீர் முகமது கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"வெறுங்கையோடதான் போகணும் ஷம்சாத். அன்னிக்கு அவன் எங்கிட்ட அப்படித்தான் வந்து நின்னான்."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பர்வேஸ் வண்டியைக் கிளப்பினான்.